மைக் ஊளையும் மூன்று திருகுகளும்: பாராமெட்ரிக் ஈக்வலைசரின் கதை

கல்லூரி ஆண்டு விழா, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எதுவாக இருந்தாலும் நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு சத்தம் உண்டு. சிறப்பு விருந்தினர் மைக் முன்னால் வந்து "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்குவார். உடனே 'கூய்ய்ய்ங்ங்' என்று ஓர் ஊளை கிளம்பும். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். மைக்செட்காரர் ஓடிப்போய் ஏதோ ஒரு திருகைத் திருப்புவார். ஊளை நின்றுவிடும். ஆனால் அதற்குப் பிறகு விருந்தினர் பேசுவது போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும்.

இந்தப் பதிவு அந்தத் திருகின் வரலாறு. ஊளையை நிறுத்துவது கஷ்டமே இல்லை, சத்தத்தைக் குறைத்தால் போதும். பேச்சைக் கெடுக்காமல் நிறுத்துவதுதான் கஷ்டம். நூறு வருடங்களுக்கு மேலாக ஒலிப் பொறியாளர்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும்?

ஊளை எப்படிப் பிறக்கிறது?

மைக் ஒலியை வாங்குகிறது, ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது, ஸ்பீக்கர் வெளியே விடுகிறது. அப்படி வெளியே வந்த ஒலியில் ஒரு பங்கு மறுபடியும் மைக்குக்குள் நுழைகிறது. மறுபடி பெருக்கம், மறுபடி ஸ்பீக்கர், மறுபடி மைக். ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது ஒலி, புறப்பட்டதைவிடச் சிறியதாக இருந்தால் தானாகவே அடங்கிவிடும். புறப்பட்ட அளவுக்கோ அதற்கு மேலோ இருந்து, அலையின் மேடு மேட்டின் மேலேயே வந்து விழுந்தால், அடங்காது. ஒவ்வொரு சுற்றிலும் வளரும். வட்டிக்கு வட்டி போடுகிற மாதிரிதான். ஒரு சுற்றுக்குச் சில மில்லிசெகண்டுகள்தான் ஆகும் என்பதால் வட்டி பயங்கர வேகத்தில் ஏறும்.

டென்மார்க்கைச் சேர்ந்த இயற்பியலாளர் சோரன் அப்சலோன் லார்சன் (1871-1957) பெயரால் இதை 'லார்சன் விளைவு' என்பார்கள். நாம் சொல்வது ஃபீட்பேக். நல்ல தமிழில் பின்னூட்டம். நீங்கள் பதிவுக்குக் கீழே எழுதுவதற்கும் அதே பெயர்தான். பதிலுக்குப் பதில், அதற்கொரு பதில் என்று கத்தல் ஏறிக்கொண்டே போவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை :-)

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. எல்லா அதிர்வெண்களும் ஒரே நேரத்தில் ஊளையிடுவதில்லை. மைக், ஸ்பீக்கர், அறை மூன்றும் சேர்ந்து சில அதிர்வெண்களைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிக் கொடுக்கும். அவற்றில் எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுதான் கத்தும். மற்றவை ஒழுங்காகத்தான் இருக்கும். அதாவது, குற்றவாளி ஒருவன். ஊரையே தண்டிக்க வேண்டியதில்லை.

இந்த 'எல்லை'யைக் கணக்காக்கியவர்கள் மைக்செட்காரர்கள் அல்ல. ஜெர்மனியின் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் எலக்ட்ரானிக் ஆசிலேட்டர்களுக்காக அந்த நிபந்தனையை எழுதினார். பெல் ஆய்வுக்கூடத்தின் ஹாரி நைக்விஸ்ட் 1932-ல் தொலைபேசி ஆம்ப்ளிஃபயர்கள் எப்போது தாமாகக் கத்த ஆரம்பிக்கும் என்பதை நிரூபித்துக் காட்டினார். மேடை மைக்குக்கும் அதே கணக்குதான்.

முதல் மருந்து: தூரம்

கணக்கு வருவதற்கு முன்பே ஊளை வந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் நாபா என்ற ஊரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் 1915-ல் அசையும் சுருள் கொண்ட ஒரு ஒலிபெருக்கியை உருவாக்கினார்கள். மைக்கை இணைத்துச் சோதித்ததும் முதலில் கேட்டது பேச்சு அல்ல, ஊளை! அவர்கள் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரை மேல் வைத்துவிட்டு, மைக்கை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை சான் ஃபிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன் பெரும் கூட்டத்துக்கு அதை இயக்கிக் காட்டினார்கள். அவர்கள் நிறுவனத்தின் பெயர் மேக்னவாக்ஸ். 1919 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியேகோ மைதானத்தில் 50,000 பேருக்கு மேல் கூடியிருந்த கூட்டத்தில் பேசியபோது கண்ணாடி அடைப்பு ஒன்றுக்குள் நின்று மேக்னவாக்ஸ் கருவி வழியாகத்தான் பேசினார்.

இரண்டாவது மருந்து மைக்கிலேயே வந்தது. 1939-ல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட யூனிடைன் மைக், முன்னாலிருந்து வரும் ஒலியை நன்றாக வாங்கும், பின்னாலிருந்து வருவதைப் பெருமளவு ஒதுக்கும். நாம் எங்கேயும் பார்க்கிற எஸ்.எம்.58 மைக் (1966) அதன் பேரப்பிள்ளை. தூரமும் திசையும் ஊளையை அடக்கும், ஆனால் பேச்சில் எதையும் வெட்டாது. அதனால்தான் அவை இன்றும் முதல் மருந்துகள்.

தொலைபேசியிலிருந்து வந்த பெயர்

'ஈக்வலைசர்' என்றால் சமப்படுத்துவது. எதை எதோடு? இந்தப் பெயர் தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. நீண்ட கம்பியில் உயர்ந்த அதிர்வெண்கள் தாழ்ந்தவற்றைவிட அதிகமாகத் தேய்ந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டி எல்லாவற்றையும் சமமாக்கும் மின்சுற்றுக்கு வைத்த பெயர்தான் ஈக்வலைசர். பிறகு சினிமாத் தியேட்டர்களுக்கும் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களுக்கும் அது போனது. அங்கே 'சமமாக்குவது' மறந்துபோய், 'பிடித்த மாதிரி மாற்றுவது' என்று பொருள் மாறிவிட்டது.

ஆனால் இவை எல்லாம் அகலமான கருவிகள். பேஸ் கூட்டு, ட்ரெபிள் குறை என்கிற ரகம். 2000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்துகிற ஒரே ஒரு அதிர்வெண்ணை அடக்க ட்ரெபிளைக் குறைத்தால் மெய்யெழுத்துகள் எல்லாம் போய்விடும். அந்தப் 'போர்வைக்குள்' சத்தம் இப்படித்தான் வருகிறது.

தமிழுக்கு இது கூடுதல் தொல்லை. ல, ள, ழ மூன்றையும் நம் காது பிரித்துக் கேட்பதற்கான தடயங்களில் முக்கியமானவை 2000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும்தான் இருக்கின்றன. அந்த இடத்தில் தாராளமாக வெட்டினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கு வாழையும் வாளையும் ஒன்றுதான். ஒன்று மரம், மற்றொன்று மீன்!

ஒவ்வொரு ஊளையாகத் தேடிப் பிடித்தவர்

குற்றவாளியை மட்டும் பிடிக்கலாம் என்ற எண்ணத்தைச் செயலில் காட்டியவர்கள் டெக்சாஸ்காரர்கள். 1958-ல் வேய்ன் ரட்மோஸ் என்பவர் டல்லாஸ் நகரின் லவ் ஃபீல்டு விமான நிலையத்தில் அறிவிப்பு ஒலி அமைப்பை அந்த இடத்துக்கு ஏற்றபடி ஈக்வலைஸ் செய்தார். அடுத்து வந்தவர் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் சி. பி. போனர்.

போனரின் முறை கேட்க எளிது, செய்ய எருமைப் பொறுமை வேண்டும். அரங்கில் ஒலி அமைப்பை இயக்கி, ஊளை வருகிற வரைக்கும் மெல்ல ஒலியை ஏற்ற வேண்டும். வந்த ஊளை எந்த அதிர்வெண் என்று துல்லியமாக அளக்க வேண்டும். காயிலும் கெப்பாசிட்டரும் சேர்த்து, அந்த அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக வெட்டும் ஒரு ஃபில்டரைப் பொருத்த வேண்டும். இப்போது ஒலியை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அடுத்த ஊளை வரும். அதற்கு இன்னொரு ஃபில்டர். இப்படியே ஒவ்வொன்றாக. 1965-ல் ஆர். இ. போனருடன் சேர்ந்து அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார்.

ஊளையைக் கொல்ல ஒட்டுமொத்தச் சத்தத்தையும் குறைக்க வேண்டியதில்லை, சில மெல்லிய கோடுகளை அழித்தால் போதும் என்பதைப் போனர் நிரூபித்துவிட்டார். ஆனால் அந்த ஃபில்டர்கள் அந்த அறைக்கு மட்டும்தான் பொருந்தும். அடுத்த ஊரில் அடுத்த மண்டபத்தில் இறங்கும் இசைக்குழுவுக்கு அதனால் பயனில்லை.

வரிசையாக நிற்கும் திருகுகள்

இதைச் சரக்காக்கி விற்றது ஆல்டெக் லான்சிங் நிறுவனம். 1967-ல் ஆர்ட் டேவிஸ், ஜிம் நோபல், டான் டேவிஸ் ஆகியோர் உருவாக்கிய 'அகூஸ்டா-வாய்ஸ்' கருவி, அதிர்வெண்களை ஆக்டேவில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தது. பிற்காலத்தில் மைக்செட் பெட்டிகளில் வரிசையாக 31 நெம்புகோல்களோடு நிற்கும் கிராஃபிக் ஈக்வலைசர் இந்த வழியில் வந்ததுதான்.

கிராஃபிக் ஈக்வலைசரில் வசதி அதிகம், பார்த்தாலே புரியும். ஆனால் அதன் இடங்கள் நிலையானவை. 2000 ஹெர்ட்ஸில் ஒன்று, 2500-ல் ஒன்று. ஊளை 2240-ல் வந்தால்? இரண்டுக்கும் நடுவில். இரண்டையும் இறக்க வேண்டும். பேச்சின் உயிர்நாடியான இடத்தில் ஒரு பெரிய குழி விழும். பேருந்து நிறுத்தம் மாதிரிதான். நம் வீடு இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் இருந்தால் டிரைவர் என்ன செய்வார்?

மூன்று திருகுகள்

விடை மேடையிலிருந்து வரவில்லை. ரெக்கார்டிங் ஸ்டூடியோவிலிருந்து வந்தது, அதுவும் ஊளைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணத்துக்காக.

1966 வாக்கில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஐ.டி.ஐ. என்ற நிறுவனத்தில் பர்ஜஸ் மெக்னீலும் ஜார்ஜ் மாசன்பர்க்கும் ஒரு புதிய ரெக்கார்டிங் கன்சோல் வேலையில் இறங்கினார்கள். மாசன்பர்க் அப்போது 19 வயதுப் பையன். அன்றைய ஈக்வலைசர்களில் அதிர்வெண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஸ்விட்சைத் திருப்பி வேறொரு காயிலுக்கு மாற வேண்டும். ஆகவே சில குறிப்பிட்ட இடங்கள் மட்டும்தான் கிடைக்கும். காயிலும் ஸ்விட்சும் இல்லாமல், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போலத் தொடர்ச்சியாக நகர்த்த முடியாதா என்பது அவர்கள் கேள்வி. ஆப்-ஆம்ப் போன்ற டிரான்சிஸ்டர் சுற்றுகள் வந்திருந்ததால் விடையும் கிடைத்தது. பாப் மியூஷா என்ற நண்பரும் இதில் உழைத்தார்.

1972-ல் ஒலிப் பொறியாளர் சங்கத்தின் லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டில் மாசன்பர்க் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பு 'பாராமெட்ரிக் ஈக்வலைசேஷன்'. பெயர் அங்கிருந்துதான் பரவியது. அதே காலத்தில் டேனியல் ஃபிளிக்கிங்கர் என்பவரும் தனியாக இதே திசையில் வேலை செய்து 1971-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இந்த யோசனைக்கு உரிமை கோரத்தக்கவர்கள் நான்கு பேர் என்று மாசன்பர்க்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 'கண்டுபிடித்தவர் யார்' என்று ஒரு மார்க் கேள்வி கேட்பவர்கள் கவனிக்க!

அந்தக் கருவியில் ஒவ்வொரு பட்டைக்கும் மூன்று திருகுகள். ஒன்று, எந்த அதிர்வெண். இரண்டு, எவ்வளவு டெசிபல் ஏற்ற அல்லது இறக்க. மூன்று, எவ்வளவு அகலம். இந்த மூன்றாவதுக்கு 'க்யூ' என்று பெயர். மைய அதிர்வெண்ணை அகலத்தால் வகுத்தால் க்யூ. எண் பெரிதானால் வெட்டு மெல்லியது. முக்கியமான விஷயம், ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டும் மாறாது.

அதே 2240 ஹெர்ட்ஸ் ஊளையை எடுத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு ஆக்டேவ் கிராஃபிக் பட்டையின் க்யூ சுமார் 4.3. அந்த இடத்தில் அதன் அகலம் 520 ஹெர்ட்ஸ். பாராமெட்ரிக்கில் சரியாக 2240-ல் நிறுத்தி, க்யூவை 30 ஆக்கினால் அகலம் வெறும் 75 ஹெர்ட்ஸ். அரிவாளுக்கும் பிளேடுக்கும் உள்ள வித்தியாசம். வாழை பிழைத்துக்கொள்ளும்.

மேடைக்கு ஏன் அவசரமாகத் தேவைப்பட்டது?

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழு 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்கு வாசித்தபோது, மேடையில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது. அடுத்த சில ஆண்டுகளில் ராக் இசை பெரிதாகிப் பாடகர்களை நோக்கித் திருப்பி வைத்த மானிட்டர்கள் வழக்கமாயின. யோசித்துப் பாருங்கள், ஜென்சனும் பிரிதமும் ஸ்பீக்கரைக் கூரை மேல் ஏற்றினார்கள். இப்போது அதே ஸ்பீக்கர் மைக்கிலிருந்து நாலு அடியில், மைக் இருக்கும் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நிற்கிறது! ஊளை எப்போதாவது வரும் விபத்தாக இருந்தது போய் தினசரிப் பிரச்சினையாகிவிட்டது.

1974-ல் கிரேட்ஃபுல் டெட் குழு 'வால் ஆஃப் சவுண்ட்' என்று ஸ்பீக்கர்களால் ஒரு சுவரையே கட்டி, அதைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியது. எல்லா மைக்கும் ஸ்பீக்கரைப் பார்த்தபடி. ஊளையை எப்படித் தவிர்த்தார்கள்? ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில். தூரத்திலிருந்து வரும் ஒலி இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து அழிந்துவிடும். பாடகர் ஒரு மைக்கின் அருகில் மட்டும் வாயை வைப்பதால் அவர் குரல் பிழைக்கும். அபாரமான யோசனை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவது கட்டுப்படியாகாமல் அந்த ஆண்டோடு நின்றது.

பாராமெட்ரிக் அப்படி இல்லை. ஒரு பெட்டி, சில திருகுகள். மிக்சர்களில் முதலில் அகலத் திருகு இல்லாத அரைப் பாராமெட்ரிக்காகவும் பிறகு முழுதாகவும் நுழைந்தது. போனர் அரங்கம் அரங்கமாகப் பொறுமையோடு பொருத்தியதை ஒரு மைக்செட்காரர் நிகழ்ச்சிக்கு முன் பத்து நிமிடத்தில் செய்யலாம். முறை அதேதான். ஒலியை மெல்ல ஏற்று. மணி அடிக்கிற மாதிரி ஓர் இழுவை தொடங்கும்போதே நிறுத்து. மெல்லிய வெட்டு ஒன்றை வைத்து, இழுவை அடங்கும் இடம் வரை நகர்த்து. 3 முதல் 6 டெசிபல் போதுமென்றால் அதற்கு மேல் வெட்டாதே. அடுத்ததைத் தேடு.

நிபுணர் ஒரு முறை செய்துவிட்டுப் போகும் வேலை, தினமும் மேடையில் நிற்பவரின் கைக்கும் காதுக்கும் வந்தது. என் பார்வையில் இந்தக் கதையில் பெரிய மாற்றம் இதுதான்.

காதுக்குப் பதில் பெட்டி

1990-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த சபைன் நிறுவனம் 'எஃப்.பி.எக்ஸ்.' என்ற தானியங்கிக் கருவியைக் கொண்டுவந்தது. ஊளையைத் தானே கண்டுபிடித்து, ஆக்டேவில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில் டிஜிட்டல் வெட்டு போடும். ஆள் இல்லாத கூட்ட அரங்குகளுக்கு வரப்பிரசாதம். சிக்கல் என்னவென்றால், மாறாமல் நீளும் ஒற்றைச் சுருதியைத்தான் பெட்டி ஊளை என்று எண்ணும். புல்லாங்குழலில் நீட்டிப் பிடிக்கும் ஒரு ஷட்ஜமும் கிட்டத்தட்ட அதுதானே! நல்ல கருவிகள் பெரும்பாலும் சரியாகப் பிரித்துவிடுகின்றன என்றாலும், இசைக் கச்சேரியில் அதைச் சும்மா ஓடவிடத் தயங்குபவர்கள் இன்றும் உண்டு.

2000-க்குப் பிறகு டிஜிட்டல் மிக்சர்கள் பரவி, 2012-ல் வந்த பெரிஞ்சர் எக்ஸ்32 போன்றவை விலையையும் இறக்கிவிட்டன. ஒவ்வொரு சேனலிலும் நான்கு பட்டைப் பாராமெட்ரிக் என்பது இன்று சாதாரணம்.

எங்கே நிற்க வேண்டும்?

அப்படியானால் வெட்டிக்கொண்டே போய் ஊளையே இல்லாமல் செய்துவிடலாமா? முடியாது. ஏன் என்பதையும் 1960-களிலேயே சொல்லிவிட்டார்கள். மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் ஹைன்ரிக் குட்ரஃபும் 1962-ல் காட்டிய கணக்குப்படி, ஓர் அறையின் ஒலி வரைபடத்தில் மேடுகள் சராசரியாக, 4-ஐ எதிரொலி நேரத்தால் வகுத்தால் வரும் ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும். எதிரொலி 2 விநாடி நீடிக்கும் மண்டபத்தில் 2 ஹெர்ட்ஸுக்கு ஒரு மேடு. தொலைபேசி கடத்தும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பேச்சுப் பகுதியில் மட்டும் சுமார் 1,550 மேடுகள்! முதல் நாலைந்து உயரமான மேடுகளை வெட்டினால் நல்ல பலன். அதற்குப் பிறகு ஒன்றை வெட்டினால் அதே உயரத்தில் பத்து பேர் வரிசையில் நிற்பார்கள். போதாக்குறைக்குப் பேச்சாளர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் மேடுகளே இடம் மாறிவிடும்.

ஷ்ரோடர் 1964-ல் வேறொரு தந்திரத்தையும் சொன்னார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி முழுவதையும் 5 ஹெர்ட்ஸ் அளவு நகர்த்திவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி இடம் மாறி ஊளை ஒரே இடத்தில் வளர முடியாது. பேச்சுக்குப் பிரமாதம். ஆனால் 200 ஹெர்ட்ஸில் பாடினால் ஸ்பீக்கரில் 205 வரும். தம்புராவுக்குப் பழகிய காது அடுத்த நொடியே எழுந்து போய்விடும்.

ஈக்வலைசருக்கு ஊளை எது, குரல் எது என்று தெரியாது. 2240-ல் வெட்டினால் இரண்டிலும்தான் வெட்டும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர். மாசன்பர்க்கின் மூன்று திருகுகள் அந்த விலையைக் குறைத்தன, இல்லாமல் செய்யவில்லை. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளியை 30 சென்டிமீட்டரிலிருந்து 15 ஆக்கினால் சுமார் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். பேசாத மைக்குகளை மூடினால், திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை பாதியாகும் ஒவ்வொரு முறையும் இன்னொரு 3 டெசிபல். இவற்றில் எந்த எழுத்தும் சாவதில்லை. இதையெல்லாம் செய்த பிறகு மிச்சமிருக்கும் ஓரிரு பிடிவாதக்கார ஊளைகளுக்குத்தான் பாராமெட்ரிக்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை துறை விழாவுக்கு மிக்சர் பக்கம் உட்கார நேர்ந்தால், திருகில் கை வைப்பதற்கு முன் எழுந்து போய் ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். உங்கள் அனுபவங்களைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஊளையிடாமல் :-)